'ஃபேமிலி' என்று எழுதிய பலகை

சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "ஒரு ஹோட்டல்ல பெரியவங்க சமாச்சாரமா ஒரு கும்பல் தங்கப் போகுது, பார்ட்டி, டான்ஸ், தண்ணி எல்லாம் உண்டுன்னு வச்சுக்கோங்க. அதே நாள்ல குழந்தை குட்டியோட ரூம் போட்டிருக்கிறவங்களுக்கு ஹோட்டல்காரன் முன்னாடியே சொல்லணுமா, வேண்டாமா?"

யோசிக்காமல் "சொல்லணும்" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. எதைச் சொல்ல வேண்டும்? யாரைப் பற்றி? இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன், திருச்சியில் ஒரு லாட்ஜின் புகார் நோட்டில். அந்தப் பதில் தப்பு. அதற்கு வேறொருவர் விலை கொடுத்ததையும் நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் குறிப்பு.

அந்த ராத்திரி

தங்கச்சி பையனுக்குச் சமயபுரத்தில் முடி இறக்க வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை என்பதால் ஏற்பாடெல்லாம் என் தலையில். விடியற்காலையில் சமயபுரம் போய்விட்டு, மதியம் ஸ்ரீரங்கம், சாயங்காலம் குழந்தைகளோடு மலைக்கோட்டை ஏறுவது என்று திட்டம். எல்லாவற்றுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு 'ஃபேமிலி ரூம்' போட்டேன். லாட்ஜின் பெயர் இங்கே தேவையில்லை. அம்மா, தங்கச்சி, மாப்பிள்ளை, எட்டு வயசு மருமகள், ஒன்றரை வயசுப் பையன், நான். மூன்றாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி.

ஏதோ ஒரு கம்பெனியின் ஏஜெண்டுகள் கூட்டம். மொட்டை மாடியை மொத்தமாக எடுத்திருந்தார்கள். எட்டு மணிக்கு ஸ்பீக்கர் தொடங்கியது. ஒன்பதரைக்கு மேல் ரெக்கார்டு டான்ஸ். பதினொன்றரை வரை நிற்கவில்லை. லிஃப்டில் நிற்க முடியாதபடி ஆட்கள். பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒருவர் எங்கள் ரூம் கதவைத் தட்டோ தட்டென்று தட்டி, "மச்சி, ஐஸ் கேட்டேனே, என்னாச்சு?" என்றார். ரூம் மாறி வந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தைக்கு அது தெரியாது. மருமகள் விடியும் வரை என் தங்கையின் கையை விடவில்லை.

ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். ஆட வந்திருந்த இரண்டு பெண்களுக்கு லாட்ஜில் ஒரு ரூம் கூடக் கொடுக்கவில்லை. எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து பார்சல் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் கேட்டுக் கீழே போன அம்மாவுக்கு எழுந்து வழி விட்டு, "பாத்துப் போங்கம்மா, படியில தண்ணி சிந்திக் கெடக்கு" என்றார்களாம். அந்த ராத்திரி எங்களிடம் மரியாதையாகப் பேசியவர்கள் அவர்கள் இருவர்தான்.

காலையில் மேனேஜரிடம் சண்டை. அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், நீங்க கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

கோபத்தில் நோட்டை வாங்கி எழுதினேன். எழுதிய வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: "குடும்பங்கள் தங்கும் இடத்தில் இந்த மாதிரி ஆட்களை ஏன் விடுகிறீர்கள்?"

"நீங்க கேக்கலையே"

முதலில் மேனேஜரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அது லாட்ஜ் முதலாளிகள் பலரும் சொல்வதுதான். தங்க வருகிறவர் தனக்கு எது முக்கியமோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நாங்களாக வந்து மற்ற கஸ்டமரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பது.

இதன் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி சரி. இரண்டையும் ஒட்டிச் சொல்வதால்தான் நியாயம் போலக் கேட்கிறது.

தெரியாத ஒன்றைப் பற்றிக் கேட்க முடியாது. மொட்டை மாடியில் பார்ட்டி நடக்கும் என்பதே தெரியாதவன் "இன்னிக்கு மொட்டை மாடியில பார்ட்டி இருக்கா?" என்று எப்படிக் கேட்பான்? லாட்ஜுக்கோ அது வாரக்கணக்கில் முன்பே தெரியும். அட்வான்ஸ் வாங்கியிருக்கிறது, ஸ்பீக்கர் ஏற்ற லிஃப்டைத் திறந்துவிட்டிருக்கிறது. தெரிந்தவர் சொல்லாமல் இருந்துவிட்டு, தெரியாதவர் கேட்கவில்லை என்று சொல்வது வியாபாரத் தந்திரம்.

சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது என்பது என் வாசிப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவைக் குறைபாடு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. 'ஃபேமிலி ரூம்' என்று பெயர் வைத்து, அதற்கென்று ஒரு வாடகை வாங்கி, அந்த ராத்திரி தூங்க முடியாது என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது இந்த விளக்கத்துக்குள் வராது என்று வாதாடுவது கஷ்டம்.

சத்தத்துக்குத் தனியாகவே விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. கூட்ட அரங்கு, விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களுக்குள் மட்டும் விலக்கு. விழாக்காலங்களில் வருஷத்தில் சில நாள் மாநில அரசு நள்ளிரவு வரை அனுமதிக்கலாம், ஆனால் அது கலாச்சார, சமய விழாக்களுக்கு. கம்பெனி ஏஜெண்டுகளின் கொண்டாட்டம் அதில் வராது. மொட்டை மாடி மூடிய இடமும் அல்ல. ஆக, அந்த ராத்திரி 10 மணிக்கு மேல் நடந்ததை முன்கூட்டி எனக்குச் சொல்லியிருந்தாலும் அது சரியாகிவிடாது. அதை நிறுத்தியிருக்க வேண்டும். முன்னறிவிப்பு, விதிமீறலுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது.

ஆக, லாட்ஜ் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

கோவையில் பூட்டப்பட்ட விடுதி

2019 ஜூனில் கோவையில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில் போலீசும் வருவாய்த்துறையும் போய்ச் சோதனை போட்டார்கள். ஒரு அறையில் கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் இருந்தார்கள். இன்னொரு அறையில் மதுப் பாட்டில்கள். அக்கம்பக்கத்தில் புகார், ஒழுக்கக்கேடு என்று பேச்சு. விடுதியைச் சீல் வைத்துவிட்டார்கள். நடத்திய நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அந்த ஆண்டு இறுதியில் தீர்ப்புச் சொன்னார். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஹோட்டல் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சேர்ந்து வாழ்வதே குற்றமில்லை எனும்போது ஒரு அறையில் தங்கியது எப்படிக் குற்றமாகும்? பாட்டில்கள் விஷயத்திலும் 1996-ஆம் ஆண்டின் விதிகளைக் காட்டினார்: தமிழ்நாட்டில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு 4.5 லிட்டர் வரை இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மது, 7.8 லிட்டர் பீர் என்றெல்லாம் வைத்திருக்கலாம். நோட்டீஸ் கூடக் கொடுக்காமல் பூட்டியதும் தவறு. சீலை எடுக்கச் சொன்னார்.

தீர்ப்பு வந்தபோது நான் உட்படப் பலரும் கைதட்டினோம். இப்போது திரும்பப் படித்தால் எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த வழக்கில் சோதனைக்கு வந்தவர்கள் கேட்டது "யார் தங்கியிருக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வி. சத்தம் இருந்ததா, யாராவது யாரையாவது தொந்தரவு செய்தார்களா என்பது மையமாகவே இல்லை. ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் இருந்தது ஒரு கட்டிடத்தையே பூட்டப் போதுமானதாக இருந்தது.

அதோடு என் ராத்திரியை ஒப்பிடுங்கள். அங்கே கல்யாணம் ஆகாத ஜோடி யாரும் இல்லை. மொட்டை மாடியில் ஆடியவர்களில் பாதிப் பேர் எங்களை மாதிரியே குடும்பஸ்தர்கள். 'ஒழுக்கம்' என்ற அளவுகோலை வைத்துச் சலித்தால் அவர்களில் ஒருத்தரும் சிக்கியிருக்க மாட்டார்கள். எல்லாரும் ஆதார் கார்டு கொடுத்து, கம்பெனி லெட்டரோடு வந்த கண்ணியமான கஸ்டமர்கள்.

நாம் பயப்படும் ஆட்கள் ஒரு பக்கம், நம்மை உண்மையில் தூங்கவிடாத ஆட்கள் இன்னொரு பக்கம். லாட்ஜ் எச்சரிக்க வேண்டும் என்று நாம் கேட்கும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பலகையில் எதை எழுதலாம்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம்மூர் ஹோட்டல் பலகைகளின் கதையே உதவும்.

1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கஃபே என்ற ஹோட்டலின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். நாள் கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். அன்றைக்கு அந்தப் பலகையை ஆதரித்தவர்கள் சொன்னது என்ன? "அது சுத்த சைவம் என்பதற்கு அடையாளம், வேறொன்றுமில்லை" என்றார்கள். அப்படியென்றால் 'சைவ உணவகம்' என்றே எழுதலாமே என்பதுதான் பதில். கிட்டத்தட்ட ஊர் முழுக்கப் பலகைகள் அப்படியே மாறின. 2012-இல் இங்கே ஸ்ரீரங்கத்திலேயே ஒரு கடைப் பலகையில் அந்தச் சொல் மறுபடி தலைகாட்டியபோது திராவிடர் கழகம் போராட்டத்தில் இறங்கியது.

அந்த விவாதத்தின் அரசியலை விடுங்கள். எனக்கு இங்கே வேண்டியது அதில் இருக்கும் ஒரு சின்னப் பாடம். 'சைவ உணவகம்' என்பது உள்ளே என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. முட்டை வேண்டும் என்பவர் வேறு கடைக்குப் போகலாம், யாருக்கும் அவமானமில்லை. 'பிராமணாள்' என்பது ஆளைச் சொல்கிறது. சாப்பாட்டைப் பற்றிய தகவல் மாதிரி தோற்றம் தரும், ஆனால் அது மனிதர்களைத் தரம் பிரிக்கிறது.

சினிமாவுக்கும் இதே வித்தியாசம் பொருந்தும். போஸ்டரில் 'ஏ' என்று போடுகிறார்கள். 2024 முதல் யுஏ-விலும் 7, 13, 16 என்று வயது வரம்பு பிரித்துப் போடுகிறார்கள். அது திரையில் ஓடப்போவதைப் பற்றிய சான்றிதழ். "இன்றைக்கு உங்கள் பக்கத்து சீட்டில் இன்னார் உட்காருவார்" என்று எந்தத் தியேட்டரும் போர்டு வைப்பதில்லை.

இதே அளவுகோலை லாட்ஜுக்கு வைத்தால் என் பதில் கிடைத்துவிடுகிறது. நடக்கப் போவதைச் சொல்ல வேண்டும். வரப் போகிறவர்களைச் சொல்லக் கூடாது.

"சார், சனிக்கிழமை மொட்டை மாடியில் ஒரு நிகழ்ச்சி, ஸ்பீக்கர் 10 மணி வரை இருக்கும், மது பரிமாறப்படும், மூன்றாவது மாடிக்குச் சத்தம் வரும். முதல் மாடியில் ரூம் தரட்டுமா, இல்லை அட்வான்ஸைத் திருப்பித் தரட்டுமா?" இது தகவல். "சார், அன்னிக்கு அந்த மாதிரி ஆளுங்க ஒரு குரூப் தங்குறாங்க." இது புறணி. முதலாவதைச் சொல்லாமல் விடுவது தவறு என்றால், இரண்டாவதைச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. விடுதியில் தங்குகிறவரின் பெயரும் விவரமும் அவருடையவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2023-இல். ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் அதற்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நாளைக்கு நம் பெயரும் அதே நோட்டில்தான் இருக்கப் போகிறது.

"மத்தவங்க என்ன நினைப்பாங்க"

இரண்டாவது வகைத் தகவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டனில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

1943-இல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட லண்டன் வந்தார். மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். இம்பீரியல் ஹோட்டலில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு. போய் இறங்கியதும் ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது என்றார்கள். காரணம், அங்கே தங்கியிருந்த அமெரிக்கர்களுக்குக் கறுப்பர்கள் இருப்பது பிடிக்காது. அவர் வழக்குப் போட்டார். 1944-இல் நீதிபதி பர்க்கெட் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். நஷ்ட ஈடு ஐந்து கினி, பெயரளவுக்குத்தான். ஆனால் தங்க இடம் கேட்டு வரும் பயணியை நியாயமான காரணமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பழைய ஆங்கிலப் பொதுச் சட்டக் கடமை அங்கே உறுதியானது.

இதில் கவனிக்க வேண்டியது, அன்றைக்கு வாசலில் நிறுத்தப்பட்டதும் ஒரு குடும்பம்தான் என்பது. அப்பா, அம்மா, மகள். 'மற்ற விருந்தாளிகளுக்குச் சங்கடம்' என்ற காரணம் குடும்பங்களைக் காப்பாற்றும் என்று நாம் நினைக்கிறோம். அது எந்தக் குடும்பத்தை என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நம் அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காட்டி ஹோட்டல்களில் நுழையத் தடை போடக் கூடாது என்கிறது. திருநர்களுக்குத் தங்குமிடம் மறுப்பதையும் பாரபட்சமாக நடத்துவதையும் 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் தனியாகவே தடை செய்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ராத்திரி பத்து மணிக்கு ஒரு திருநங்கை ரூம் கேட்டால் எத்தனை லாட்ஜில் கிடைக்கும் என்பது வேறு கணக்கு.

திரும்பப் போனபோது

எட்டு மாதம் கழித்து ஒரு வேலையாகத் திருச்சி போனேன். வைகுண்ட ஏகாதசி நெருங்கிக்கொண்டிருந்தது, ஸ்ரீரங்கத்தில் ரூமே இல்லை. வேறு வழியில்லாமல் அதே லாட்ஜுக்குப் போனேன். ரிசப்ஷனுக்குப் பின்னால் புதிதாக ஒரு பலகை:

"இது குடும்பத்தினர் தங்கும் விடுதி. பேச்சுலர்ஸ், தனியாக வரும் பெண்கள், திருமணமாகாத ஜோடிகள், திருநங்கைகளுக்கு அறை இல்லை."

மேனேஜருக்கு என்னை ஞாபகம் இருந்தது. பெருமையாகவே காட்டினார். "சார் அன்னிக்கு நோட்ல எழுதினீங்கள்ல, ஓனர் படிச்சாரு. உடனே போர்டு வச்சுட்டோம்."

"மொட்டை மாடி பார்ட்டி?"

"அது பிசினஸ் சார். அது இல்லாம எப்படி?"

நான் ஃபாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்தார். நாற்பது வயசிருக்கும். கையில் ஒரு கட்டைப்பை, ஆஸ்பத்திரி ஃபைல். தம்பியைச் சேர்த்திருக்கிறார்களாம், காலையில்தான் பார்க்க விடுவார்களாம், ஒரு ராத்திரிக்கு இடம் வேண்டும் என்றார். மேனேஜர் பலகையைக் காட்டினார். "ஃபேமிலியோட வந்தா தர்றோம்மா."

"தம்பி ஆஸ்பத்திரியில இருக்காரு சார். ஃபேமிலி அதுதான்."

"ரூல்ஸும்மா." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "சார் மாதிரி ஆளுங்க தங்குறாங்க, நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா எங்களைக் கேப்பாங்க."

எனக்காக நான் பேசினேன். எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்தப் போர்டே சட்டப்படி நிற்காது என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அதற்குள் அந்தப் பெண் படியிறங்கிப் போய்விட்டார். பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தபோது பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் ஆளைக் காணோம். நான் அங்கே தங்கவில்லை. ஆனால் அதனால் அவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அன்றைக்கு நோட்டில் நான் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. "10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைத்தீர்கள். நிகழ்ச்சி உண்டு என்று முன்பதிவின்போது சொல்லவில்லை. மாடிப்படியிலும் லிஃப்டிலும் ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை." இப்படி எழுதியிருந்தால் அவர்கள் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரையும் முன்பதிவு நோட்டையும். நான் 'இந்த மாதிரி ஆட்கள்' என்று எழுதினேன். அவர்கள் ஆட்களை மாற்றினார்கள். அதுவும் எனக்குத் தொந்தரவு கொடுத்த ஆட்களை அல்ல, காசு குறைவாகக் கொண்டுவரும் ஆட்களை.

வரக்கூடிய ஆட்சேபணைகள்

*"நிகழ்ச்சி என்று சொன்னாலே ஆள் வர மாட்டார்கள், வியாபாரம் போய்விடும்."* கொஞ்சம் போகலாம். ஆனால் மாடியை வாடகைக்கு விட்ட காசும் வேண்டும், அந்தச் சத்தத்துக்குக் கீழே முழு வாடகையும் வேண்டும் என்பது நியாயமில்லை. வெளிநாடுகளில் இதற்கு இரண்டு நேர்மையான வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, கொண்டாட்டக் குழு ஹோட்டல் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்கு அன்றைக்கு அறையே கிடையாது. இன்னொன்று, பெரியவர்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே நடத்தும் விடுதிகள். இரண்டிலும் யாரும் ஏமாறுவதில்லை.

*"சத்தமே இல்லை, ஆனால் குழந்தை பார்க்கக் கூடாத நிகழ்ச்சி என்றால்?"* மூடிய ஹாலுக்குள் நடக்கட்டும். வாசலில் '18 வயதுக்கு மேல்' என்று எழுதி ஓர் ஆளையும் நிறுத்தட்டும். அந்த ஹால் அன்றைக்கு அப்படி என்று மட்டும் எனக்குச் சொன்னால் போதும். வராண்டாவுக்கும் லிஃப்டுக்கும் வழியும்போதுதான் அது என் விஷயம் ஆகிறது.

*"நிகழ்ச்சியும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் குழந்தை பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கும்படியான ஆட்கள்?"* இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் இதை மறைக்கும் போர்வை. ஒரு ஆண் ஜோடியோ திருநங்கைகளின் கூட்டமோ நம் பக்கத்து அறையில் தங்கினால் ஹோட்டல் நமக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒருபாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. நம் அசௌகரியம் அவர்கள் செய்த தப்பு ஆகாது. குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்வது நம் வேலை. அந்த வேலையை ரிசப்ஷனுக்குத் தள்ளிவிட முடியாது.

*"எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் தொல்லையே இல்லையே?"* 2023 ஏப்ரலில் இதே மனநிலையின் இரண்டு முனைகளையும் பார்த்தோம். கல்யாண மண்டபம், மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம் இவற்றில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. பெரிய எதிர்ப்பு வந்ததும் கல்யாண மண்டபம் மட்டும் பட்டியலிலிருந்து போனது. எதிர்த்ததில் நியாயம் உண்டு, கல்யாணத்துக்குக் குழந்தைகள்தான் முதலில் வருவார்கள். ஆனால் அன்றைய வாதம் முழுக்க 'வேண்டும், வேண்டாம்' என்பதோடு நின்றது. எங்கே, எத்தனை மணி வரை, யாருக்கு முன்கூட்டிச் சொல்லி, எந்த வாசல் வழியாக என்ற கேள்விகள் வரவே இல்லை. நம் கோயில் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு மதுரைக் கிளை அனுமதி தரும்போது நேரம், பாட்டு, உடை என்று நிபந்தனை மேல் நிபந்தனை போடுகிறது. அதில் சில நிபந்தனைகளோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் அணுகுமுறை சரி: ஆட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது, ஆடுகிறவரை ஊரைவிட்டு அனுப்பவில்லை.

முடிவாக

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த சத்திரத்தின் பெயர் அது. பழைய சத்திரங்களிலும் யாருக்கு உள்ளே சோறு, யாருக்கு வெளித் திண்ணை என்ற கணக்கு இருந்தது, அதை மறந்துவிட்டுப் பெருமை பேச வேண்டியதில்லை. ஆனாலும், இருட்டில் வந்து நிற்கிறவருக்கு ஒரு ராத்திரி இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

அதனால் நண்பருக்கு என் பதில் இது. ஆமாம், ஹோட்டல் சொல்ல வேண்டும். முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். மூன்றே விஷயம்: என்ன நிகழ்ச்சி, எத்தனை மணி வரை, எந்த இடத்தில். கூடவே அறை மாற்றமோ முழுப் பணமோ. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. நாமும் ரூம் போடும்போது இதைக் கேட்கப் பழகிக்கொள்ளலாம்: "அன்னிக்கு ஹால்லயோ மாடியிலயோ புக்கிங் இருக்கா? ஸ்பீக்கர் உண்டா?" நான் இப்போது கேட்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

புகார் எழுத நேர்ந்தால் எழுதும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் ஆளைப் பற்றி ஒரு சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்தச் சொல்லைத்தான் அவர்கள் பலகையில் எழுதுவார்கள்.